சிவப்பைப் பிடிக்கப் போய் மஞ்சளில் மாட்டிக்கொண்ட கதை: சிக்னல் கேமராக்களோடு மூன்று வருடம்

சிக்னல்களுக்கு நேரம் குறிப்பதுதான் என் வேலை. எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி பச்சை, எத்தனை விநாடி மஞ்சள், ஒரு பக்கம் நின்று மறுபக்கம் கிளம்புவதற்கு நடுவே எல்லோருக்கும் சேர்த்துச் சிவப்பாக எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு கன்ட்ரோலர் பெட்டியில் ஏற்றிவிட்டு வருவேன். அதற்குப் பிறகு அங்கே யார் நின்றார்கள், யார் நிற்காமல் போனார்கள் என்பதெல்லாம் போலீஸ் சமாசாரம், நமக்கென்ன என்றுதான் பல வருடம் இருந்தேன். சிவப்பைத் தாண்டுகிறவர்களைப் பிடிக்கத் தானியங்கிக் கேமரா வைப்பது என்று முடிவானபோது, சிக்னல் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னையும் அந்தக் குழுவில் போட்டுவிட்டார்கள். மூன்று வருடம் அதில் கிடந்தேன். இப்போது இதே வேலையைத் தொடங்குகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இது.

முதல் மாதம் நாங்கள் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பவில்லை. கேமரா ஓடும், பதிவாகும், உட்கார்ந்து பார்ப்போம், அவ்வளவுதான். பெரிய திட்டம் போட்டு அப்படிச் செய்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். நோட்டீஸ் தயாரிக்கிற மென்பொருள் அப்போது தயாராகவில்லை, அதனால் தானாக வாய்த்த மாதம் அது. ஆனால் மூன்று வருடத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த மாதத்தில்தான்.

கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சாலைக்குள் கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள், இல்லையென்றால் கம்பத்தில் ரேடார் இருக்கும், இப்போது வீடியோவிலிருந்தே கண்டுபிடிப்பதும் வந்துவிட்டது. விளக்கு சிவப்பாக இருக்கும்போது ஒரு வண்டி அந்த இடத்தைத் தாண்டினால் படம் எடுக்கும். ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும்: வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே விளக்கு சிவப்பு என்று காட்ட ஒன்று, அதே வண்டி சந்திப்பின் நடுவில் இருப்பதைக் காட்ட இன்னொன்று. மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டிவிட்டு நடுவில் போகும்போது சிவப்பு விழுந்தவரை இந்த இரண்டு படங்கள்தான் காப்பாற்றும். சிவப்பு விழுந்த உடனே இல்லாமல், ஒரு விநாடியில் பத்தில் சில பங்கு சலுகை கொடுத்த பிறகுதான் கேமரா கணக்கையே தொடங்கும். யோசனை புதிதில்லை. மாரிஸ் கேட்சோனிடிஸ் என்ற டச்சு கார் பந்தய வீரர், 1953இல் மான்டே கார்லோ ரேலியில் ஜெயித்தவர், தன் வேகத்தைத் துல்லியமாக அளக்க ஒரு கருவி செய்யப் போய் அதிலேயே தொழில் தொடங்கி, அவருடைய நிறுவனம் 1965இல் சாலையின் குறுக்கே குழாய் போட்டு வேலை செய்கிற சிவப்பு விளக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. வேகமாக ஓட்டியவர் கையாலேயே இந்தச் சாமான் பிறந்தது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

சரி, அந்த மாதத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஓர் எண் இருக்கும், சிவப்பு விழுந்து எத்தனை விநாடி கழித்து இந்த வண்டி தாண்டியது என்று. முதல் வாரம் வரிசையாகப் பார்த்தேன், தலை சுற்றியது. இரண்டாவது வாரம் அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் ஒரே குற்றம் என்று நினைத்தது உண்மையில் இரண்டு. மேலே ஒரு பெருங்கூட்டம், எல்லாம் அரை விநாடி, முக்கால் விநாடி, ஒரு விநாடிக்குள். அதற்குப் பிறகு கூட்டம் கலைந்து, கீழே சிதறலாகச் சிலர், நான்கு விநாடி, ஒன்பது விநாடி, இருபது விநாடி.

மேலே இருந்தவர்கள் வண்டியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பலருடைய பிரேக் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்திருக்கும். நிற்கலாமா என்று நினைத்து, முடியாது என்று தெரிந்து, அப்புறம் போயிருக்கிறார்கள். கீழே இருந்தவர்கள் வேறு ரகம். ஒரு சிலர் விளக்கையே பார்க்கவில்லை, தலை குனிந்தபடி வருகிறார்கள். இன்னும் சிலர் நடுராத்திரியில் வந்து, முறையாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்றதும் கிளம்புகிறார்கள். மிச்சம் கொஞ்சப் பேர் தெரிந்தே, வேகத்தைக் குறைக்காமல் வருகிறார்கள். பார்க்கும்போதே வயிறு கலங்கும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் சந்திப்புகளில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததற்குச் சமமாக மீறல் காட்டிக்கொண்டிருந்தது. அகலமான சாலை, பாலத்திலிருந்து இறங்கி வருகிற சரிவு. குழுவில் இருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம், சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று. எனக்கு மட்டும் உறுத்தியது, ஏனென்றால் அங்கே மஞ்சள் 3 விநாடி, அதை வைத்தவன் நான். வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், அதற்கு 3 விநாடி என்பது பல இடங்களில் இருக்கிற கணக்குதான், ஜெர்மனியில்கூட 50க்கு 3, 60க்கு 4, 70க்கு 5 என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே யாரும் 50இல் வரவில்லை. கையடக்க ரேடாரை எடுத்துக்கொண்டு ஒரு மதியம் ஓரமாக நின்று பார்த்தேன், சாதாரணமாக வருகிற வண்டியே 60ஐத் தொட்டுக்கொண்டு வந்தது.

அதற்கு என்ன என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். மஞ்சளைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் 16.7 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு உள்ளே இருப்பவர்கள் முன்னால் போய் முட்டிக்கொள்ளாத அளவுக்குப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 45 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் சுமார் 62 மீட்டர். இந்தப் பக்கம், 3 விநாடி மஞ்சளில் அதே வேகத்தில் அந்த வண்டி கடக்கக்கூடியது 50 மீட்டர்தான். மஞ்சள் விழுகிற நேரத்தில் கோட்டிலிருந்து 55 மீட்டரில் ஒருவர் இருந்தால் அவர் என்ன செய்வார்? நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன்னால் தாண்டவும் முடியாது. இந்த இரண்டுங்கெட்டான் தூரத்தைப் பற்றி 1960இலேயே காஸிஸ், ஹெர்மன், மராடுடின் என்ற மூன்று பேர் எழுதிவிட்டார்கள், மஞ்சள் நேரத்துக்கான சூத்திரமும் அங்கிருந்து வந்ததுதான். நான் அதைப் படித்தவன். படித்துவிட்டுத்தான் வேக வரம்புப் பலகையைப் பார்த்து 3 என்று போட்டிருந்தேன், சாலையைப் பார்க்கவில்லை. சரிவு என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், அதையும் போடவில்லை.

மஞ்சளை 4 விநாடிக்கு மேல் ஏற்றினோம். குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. மஞ்சளை நீட்டினால் ஜனங்கள் அதையும் பழகிக்கொண்டு அந்த ஒரு விநாடியையும் பச்சையாகவே நினைப்பார்கள் என்றார்கள். நியாயமான பயம்தான். அதற்கு நான் காட்டியது பிலடெல்பியாவில் செய்து பார்த்ததை. அங்கே முதலில் மஞ்சளை ஒரு விநாடி அளவுக்கு நீட்டிவிட்டுப் பார்த்தார்கள், மீறல் 36 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு கேமரா வைத்தார்கள், மிச்சம் இருந்ததில் 96 சதவீதம் குறைந்தது. எனக்கு இதில் பிடித்தது எண்ணிக்கையைவிட அந்த வரிசை. முதலில் உங்கள் பக்கத்துத் தப்பைத் திருத்திக்கொண்டு, அப்புறம் மற்றவரைக் கேளுங்கள். அந்தச் சந்திப்பில் எங்களுக்கும், பட்டியலில் மேலே இருந்த பெருங்கூட்டம் கரைந்துவிட்டது. கீழே இருந்த சிதறல் அப்படியே இருந்தது, அசையவே இல்லை.

மஞ்சளைக் குறைவாக வைத்துவிட்டுக் கேமரா வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோவைப் பார்த்தால் போதும். அங்கே 3 விநாடிக்குக் கொஞ்சம் குறைவான மஞ்சளுக்கெல்லாம் நோட்டீஸ் போனது, அப்படிப் போனவை மட்டும் சுமார் 77,000. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று சொல்லலாம். ஆனால் மேலே சொன்ன பெருங்கூட்டம் முழுக்க அந்தப் பத்தில் ஒரு பங்குகளில்தான் குடியிருக்கிறது. அதே ஊரில் கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய அதிகாரி ஒருவருக்கு 2016இல் 10 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதெல்லாம் நடந்த பிறகு அங்கே போய் "கேமரா உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒப்பந்தம் எழுதுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், கேமரா ஓட்டுகிற நிறுவனத்துக்கு நோட்டீஸ் எண்ணிக்கையை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தால், மஞ்சளை நீட்டுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்பது மட்டுமில்லை, நாளடைவில் நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

திரும்புகிற வண்டிகள் விஷயத்தில் நான் இன்னொரு பாடம் கற்றேன், அது எங்களுக்கு ஒரு புகார் மனுவாக வந்தது. ஒருவர் கையால் படம் போட்டு எழுதியிருந்தார்: நேராகப் போகிறவன் வேகத்தைக் குறைக்காமல் போகிறான், திரும்புகிறவன் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், அப்படியென்றால் அதே தூரத்தைக் கடக்க எனக்குத்தானே அதிக நேரம் வேண்டும், மஞ்சள் மட்டும் ஏன் இரண்டு பேருக்கும் ஒன்று? படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் 2013இல் தன் மனைவிக்கு வந்த கேமரா நோட்டீஸைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். உரிமம் இல்லாமல் பொறியியல் பேசுகிறார் என்று அங்கிருந்த பொறியாளர் உரிம வாரியம் அவருக்கே அபராதம் போட்டது. நீதிமன்றம் போய் ஜெயித்தார், 2020இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பான ஐடிஇ வெளியிட்ட மஞ்சள் நேர வழிகாட்டுதலில் அவருடைய கணக்கும் ஏறியது. புகார் மனுக்களை அதற்குப் பிறகு நானே படிக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி திட்டுதான். மீதியில் நம் வேலையை நமக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே கேமரா வைப்பது என்பதில் எங்களுக்கு உதவியது எந்த மென்பொருளும் இல்லை, ஒரு போக்குவரத்துக் காவலர். அந்தச் சாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். நான் மீறல் எண்ணிக்கை அதிகமாக இருந்த இடங்களின் பட்டியலைக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கிப் பாதியை அடித்துவிட்டார்.

"சார், இங்கெல்லாம் தாண்டுவானுங்க, ஆனா மோதல் கிடையாது. நீங்க இதுல இல்லாத ஒண்ணுக்கு வாங்க."

"அங்க மீறல் ரொம்பக் கம்மியா இருக்கேண்ணே."

"கம்மிதான் சார். ஆனா தாண்டுறது ஒருத்தன், எதிர்ல முந்திக் கிளம்புறது பத்துப் பேரு. அந்த ஒருத்தன் இவங்க மேலதான் வந்து விழுவான்."

போய் நின்று பார்த்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. குறுக்குச் சாலையில் நின்ற இருசக்கர வண்டிகள் தங்கள் பச்சைக்காகக் காத்திருக்கவில்லை, அடுத்த பக்கத்து விளக்கு சிவப்பாவதைப் பார்த்து, அல்லது விநாடி எண்ணிக்கை 3, 2 என்று இறங்குவதைப் பார்த்து, உருளத் தொடங்கிவிட்டன. எல்லாப் பக்கமும் சிவப்பாக நாங்கள் வைத்திருந்த அந்த இடைவெளி, கடைசியாக வருகிறவனைக் காப்பாற்றுவதற்காக வைத்தது, அதை இவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மீறல் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. விபத்துப் பதிவேட்டையும் மீறல் பதிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், அதிலும் விபத்தின் வகையைப் பாருங்கள். ஒரு வண்டியின் மூக்கு இன்னொன்றின் விலாவில் மோதியதா, பின்னால் வந்தது முன்னால் நின்றதை முட்டியதா? விலாவில் மோதுவதுதான் ஆளைக் கொல்லும், காரில்கூடக் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது, மோதலை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அந்தச் சந்திப்பில் நாங்கள் சிவப்புக்கான விநாடி எண்ணிக்கைப் பலகையை எடுத்துவிட்டோம். திட்டு வாங்கினோம். முந்திக் கிளம்புவது குறைந்தது, போகவில்லை.

பின்னால் முட்டுவதைச் சொன்னேன் அல்லவா, அதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். கேமரா வைத்தால் சிலர் மஞ்சளைப் பார்த்ததுமே பயந்து அழுத்திப் பிடிக்கிறார்கள், பின்னால் வருகிறவர் வந்து முட்டுகிறார். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 2005இல் 132 சந்திப்புகளை ஆராய்ந்து பார்த்ததில், விலாவில் மோதும் விபத்துகள் 24.6 சதவீதம் குறைந்தன, பின்னால் முட்டுவது 14.9 சதவீதம் கூடியது. கேமரா விற்க வருகிறவர் முதல் எண்ணை மட்டும் சொல்வார், எதிர்க்கிறவர் இரண்டாவதை மட்டும் சொல்வார். ஹூஸ்டனில் மக்கள் 2010இல் ஓட்டுப் போட்டே கேமராக்களை எடுக்க வைத்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை அலசிய கேலகர், ஃபிஷர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கேமராவால் மொத்த விபத்து குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அதே சமயம், கேமராவை நிறுத்திய 14 அமெரிக்க நகரங்களைத் தொடர்ந்து வைத்திருந்த நகரங்களோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, நிறுத்திய இடங்களில் சிவப்பைத் தாண்டியதால் நேரும் உயிர்ப்பலி விபத்து 30 சதவீதம் அதிகம் என்றது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பது என் எண்ணம். மஞ்சள் சரியாக இருக்கிற, விலா மோதல் அதிகம் நடக்கிற சந்திப்பில் வைத்தால் லாபம். மோதலே இல்லாத இடத்தில், எண்ணிக்கை அதிகம் கிடைக்கிறது என்பதற்காக வைத்தால் முட்டலைத்தான் விலைக்கு வாங்குவீர்கள். எங்கள் காவலர் பேனாவால் அடித்ததும் அதைத்தான்.

அடுத்தது எங்கள் தப்பு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேமராவுக்கு ஒரு கடிகாரம், கன்ட்ரோலருக்கு ஒரு கடிகாரம். விளக்குக்குப் போகிற மின்சாரத்தை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும்படி கேமராவை இணைத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஓர் இடத்தில் அவசரத்துக்கு அப்படி இணைக்காமல், நேரத்தை வைத்தே சிவப்பைக் கணக்கிடும்படி விட்டிருந்தார்கள். கடிகாரம் மெல்ல மெல்ல விலகி ஒரு விநாடிக்கு மேல் போய்விட்டது. படத்தில் விளக்கு வெயிலில் சரியாகத் தெரியாது, ஓரத்தில் இருந்த எழுத்து "சிவப்பு" என்றது, சரிபார்க்கிற பெண் அதை நம்பி ஒப்புதல் கொடுத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டீஸ் வாங்கிய ஒருவர் தன் வண்டியில் இருந்த கேமராப் பதிவைக் கொண்டுவந்து காட்டினார், தாண்டும்போது பளிச்சென்று மஞ்சள். அன்று முழுக்க உட்கார்ந்து அந்தச் சந்திப்பின் நோட்டீஸ்கள் அத்தனையையும் ரத்து செய்தோம், கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம். கொடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தால் பத்துக் காரணம் வரும், யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். அன்றிலிருந்து படத்தில் விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிராகரிப்பு, எழுத்து என்ன சொன்னாலும் சரி என்று வைத்தோம்.

நம்பர் பிளேட்டை எந்திரம் படிப்பதிலும் இதே கதை. 8ஐ ஆங்கில பி என்று படிக்கும், சைபரை டி என்று படிக்கும், சேறு பட்ட பிளேட்டில் அதற்குத் தோன்றியதைப் படிக்கும், ஆனால் படித்ததை ஒருபோதும் தயக்கத்தோடு சொல்லாது. எந்திரம் படித்த எண்ணைப் பதிவேட்டில் போட்டு வருகிற வண்டியின் ரகத்தையும் நிறத்தையும் படத்தோடு ஒரு மனுஷக் கண் ஒப்பிட வேண்டும். லாரி படத்துக்கு ஸ்கூட்டர்காரருக்கு நோட்டீஸ் போனால், அந்த ஒரு நோட்டீஸைப் பற்றித்தான் ஊர் பேசும்.

குறைகேட்கும் மேசையில் வாரத்துக்கு ஒரு நாள் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயதான அம்மா நோட்டீஸோடு வந்தார். "நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன் தம்பி, ஒரு சிவப்பைத் தாண்டினது கிடையாது." வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான் என்று வீடியோவைப் போட்டேன். முன்னும் பின்னும் சில விநாடி சேர்த்துப் பார்த்தால், பின்னால் ஆம்புலன்ஸ். அந்த அம்மா நகர்ந்தது வழி விடுவதற்காக. கேமரா எடுத்த இரண்டு படத்திலும் ஆம்புலன்ஸ் விளிம்புக்கு வெளியே நிற்கிறது. அன்றிலிருந்து படத்தை மட்டும் பார்த்து யாரும் ஒப்புதல் கொடுக்கக் கூடாது, பத்து விநாடி வீடியோ பார்த்தாக வேண்டும் என்றானது. நோட்டீஸிலேயே அந்த வீடியோவைப் பார்க்க ஒரு வழி வைத்தோம். மேசைக்கு வருகிற கூட்டம் அதில்தான் பெரிதாகக் குறைந்தது, ஏனென்றால் சண்டை போடக் கிளம்புகிறவர் முதலில் வீடியோவைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு அமைதியாகக் கட்டிவிடுகிறார்.

நோட்டீஸ் போகிற வேகம் தொகையைவிட முக்கியம் என்றும் அந்த மேசையில்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் எங்களுக்கு நாற்பது நாள் ஆனது. நாற்பது நாள் கழித்து வருகிற நோட்டீஸ் கோபத்தைத்தான் உண்டாக்கும், எந்த நாள், எந்த அவசரம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்குள் அதே ஆள் அதே சிக்னலை இன்னும் ஆறு தடவை தாண்டியிருப்பார், ஆறும் சேர்ந்து ஒரே கட்டாக வரும். இரண்டு மூன்று நாளில் வர ஆரம்பித்ததும் மேசையில் பேச்சே மாறியது, "ஆமாம் சார், அன்னைக்கு லேட் ஆயிடுச்சு" என்றார்கள்.

எனக்கும் ஒன்று வந்தது. நானே மஞ்சளை நீட்டிய அதே பாலத்துச் சந்திப்பில், 0.9 விநாடியில். சரிபார்க்கிற பெண் தயங்கித் தயங்கி வந்து, "சார், இதை நிராகரிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். வீடியோவைப் போடச் சொன்னேன். பிரேக் விளக்கு எரியவே இல்லை, தாராளமாக நிற்கக்கூடிய தூரத்திலிருந்து மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். "வேண்டாம்மா, அனுப்பிடு" என்றேன். வீட்டுக்கு வந்த உறையைப் பிரித்தது என் மனைவி. "இது நீங்க வெச்ச கேமராதானே?" என்று மட்டும் கேட்டாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்ன அவசரம் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, மனசு வேறு எங்கோ இருந்திருக்கிறது.

அந்த இருபது விநாடிக்காரர்கள் விஷயம் மட்டும் இன்னும் முழுதாக முடியவில்லை. நடுராத்திரியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, குறுக்கே ஒரு வண்டியும் இல்லாத நேரத்தில் பகல்போல நீண்ட சிவப்பு ஓடியதுதான் காரணம், அதை வண்டி வந்தால் மட்டும் மாறும்படி செய்ததும் பாதிக்குப் பாதி போய்விட்டது. விளக்கையே பார்க்காமல் வருகிறவருக்குக் கேமரா ஒன்றும் செய்யாது, விளக்கையே பார்க்காதவர் கேமராவை எங்கே பார்ப்பார்? அவருக்கு விளக்கைப் பெரிதாக்கி, இன்னொன்றை எதிரே உயரத்தில் வைத்து, மறைக்கிற மரக்கிளையை வெட்டிக்கொண்டிருக்கிறோம். பிளேட்டை மடக்கிவிட்டு வருகிறவர்களைக் காவலர்தான் பிடிக்க வேண்டும்.

போன வாரம் அந்தக் காவலர் கூப்பிட்டார். பாலத்துச் சந்திப்பில் புதுத் தார் போட்டிருக்கிறார்களாம், தார் போட்டபோது கம்பிச் சுருளையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார்களாம், அது கிடக்கட்டும், "வண்டியெல்லாம் பறக்குது சார், நீங்க வெச்ச மஞ்சள் பத்தாது" என்றார். 70 என்றால் 4.2 விநாடி வேண்டும், அதுவும் சமதளத்துக்கு. நாளைக்கு மதியம் ரேடாரை எடுத்துக்கொண்டு போகிறேன்.